கோத்தகிரியில் ஒரு கொல்லைத் தோட்டம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம்மவர்களுக்கு ஊட்டி ஞாபகம்தான் வரும். மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் மலைப்பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போகும். இன்னொன்று கோத்தகிரிக்கு. இந்த இரண்டாவது பாதையில் சுமார் 33 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைதியாக உட்கார்ந்திருக்கிறது கோத்தகிரி. ஊட்டியின் கூட்டமும் கடைகளும் இங்கே கிடையாது. காலையில் கதவைத் திறந்தால் மூடுபனி வாசற்படி வரை வந்து நிற்கும். பத்து மணிக்கு வெயில் வந்து அதைத் துரத்திவிடும்.

என்னவருக்கு இங்கே மாற்றலாகி நாங்கள் குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. வாடகை வீடுதான். ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் நிலம், மூன்று படிகளாக வெட்டிவிட்டது. போன வருஷம் சித்திரையிலிருந்து மார்கழி வரை அந்த மூன்று படிகளில் நாங்கள் பயிரிட்ட கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு. மலையைப் பார்க்க வருபவர்களுக்கு மலையின் மண்ணைப் பற்றியும் கொஞ்சம் தெரியட்டுமே!

சல்லிவன் துரை கொண்டுவந்த காய்கள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கு என்று ஒரு சின்ன கிராமம். அங்கே 1819-ல் ஜான் சல்லிவன் என்ற கோயம்புத்தூர் கலெக்டர் கட்டிய பங்களா இருக்கிறது. பாழடைந்து கிடந்ததைச் சரிசெய்து இப்போது காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நீலகிரியில் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் போன்ற காய்கள் பரவ முக்கியமான காரணம் இவர்தான் என்கிறார்கள். ஊட்டித் தாவரவியல் பூங்காவின் பூர்வீகமும் ஒரு காய்கறித் தோட்டம்தான். அங்கே குடியிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு, தங்கள் சமையலுக்கு வேண்டிய காயைப் பயிரிட்டார்கள். 1848-ல் மக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர் வந்த பிறகுதான் அது பூங்காவாக மாறியது.

நாம் இன்றைக்கும் கேரட், பீன்ஸ், கோஸ், பீட்ரூட்டை ‘இங்கிலீஷ் காய்’ என்கிறோம். கத்தரி, வெண்டை, புடலை, அவரை எல்லாம் ‘நாட்டுக் காய்’. திவசத்துக்கு இங்கிலீஷ் காய் சேர்க்காத வீடுகள் எத்தனையோ. இந்த வித்தியாசம்தான் எங்கள் வீட்டில் ஒரு பெரிய பிரச்னையாக வந்து நின்றது.

அத்தை மலையேறி வந்தார்

என் மாமியாருக்குச் சோழவந்தான். வைகைத் தண்ணீர் பாய்கிற பூமி. வெற்றிலைக்குப் பேர்போன ஊர். அங்கே அத்தை வீட்டுக் கொல்லையில் கிணறு, முருங்கை, அவரைப் பந்தல், கத்தரிப் பாத்தி எல்லாம் உண்டு. ஐம்பது வருஷமாக அந்த வீட்டில் விலைக்கு வாங்கிய காய் அபூர்வம். மாமா காலமானபின் எழுபது வயதில் அத்தையைத் தனியாக விட மனமில்லாமல், இவர் போய் வீட்டைப் பூட்டி அழைத்து வந்துவிட்டார். அத்தைக்குச் சர்க்கரை வியாதியும் உண்டு.

வந்த முதல் மாதம் அத்தை ஜன்னலோரத்தில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே இருந்தார். பேச்சில்லை. தட்டில் பாதிச் சாதம் அப்படியே இருக்கும். கோஸ் பொரியலைத் தள்ளி வைத்துவிடுவார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இப்படி வேளை தவறினால் மயக்கம் வந்துவிடுமே என்று எனக்குப் பயம். ஒருநாள் சொல்லியே விட்டார்:

“நான் ஊருக்கே போயிர்றேன் தாயி. தனியா இருந்தா என்ன? என் கொல்லை இருக்குல்ல.”

இவர் முகம் வாடிப்போயிற்று. அத்தையின் துணிப்பெட்டியில் ஒரு மஞ்சப்பை இருந்தது எனக்குத் தெரியும். அதில் வெண்டை, கத்தரி, புடலை, கொத்தவரை விதைகள், சாம்பலில் புரட்டி முடிச்சு முடிச்சாகக் கட்டி வைத்திருந்தார். “அத்தை, பின்னாடி இடம் சும்மாத்தானே கிடக்கு, போட்டுப் பார்ப்போமே” என்றேன். அத்தை எழுந்து வந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கொல்லைப் பக்கம் காலை வைத்தார்.

முளைக்காத நாட்டுக் காய்கள்

சித்திரை பிறந்து இரண்டாம் நாள் விதை ஊன்றினோம். வெண்டையில் பத்துக்கு மூன்றுதான் முளைத்தது. அதுவும் நாலு இலையோடு நின்றுவிட்டது. ஒன்றரை மாதம் ஆகியும் ஒரு சாண் உயரம் தாண்டவில்லை. புடலை இரண்டு இலை விட்டு மஞ்சளாகிச் சுருண்டது. கத்தரி கொஞ்சம் தேறி, பூ விட்டது. பூவெல்லாம் உதிர்ந்தது. ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த முருங்கைப் போத்து அடியில் அழுகிவிட்டது.

எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவரும் படுகர் பாட்டி ஒருவர் பக்கத்து ஹட்டியில் இருக்கிறார். (படுகர் கிராமத்தை ஹட்டி என்பார்கள்.) தலையில் வெள்ளைத்துணி கட்டி, மேலுக்கு வெள்ளை முண்டு சுற்றி, எண்பது வயதிலும் மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறி வருவார். அவர் வெண்டைச் செடியைப் பார்த்துச் சிரித்தார். “இது வெயில் கேக்குற காய் அம்மா. இங்கே ராத்திரிக் குளிருக்கு வராது” என்றார்.

அவர் சொன்னது சரிதான். வெண்டை விதை நன்றாக முளைக்க மண்ணே வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பகலில் எவ்வளவு வெயில் அடித்தாலும் இங்கே ராத்திரியில் மண் சில்லிட்டுப் போகிறது. பூத்த கத்தரி காய் பிடிக்காததற்கும் குளிர்தான் காரணம். அத்தை ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். மறுபடியும் ஜன்னலோரத்து நாற்காலி. அந்த ஒரு வாரம் எனக்கு மனசே சரியில்லை.

கார்போகத்து உருளை

நீலகிரியில் உருளைக்கு மூன்று போகம் உண்டு. தை, மாசியில் தண்ணீர் பாய்ச்சிப் போடுவது நீர்போகம். சித்திரை, வைகாசியில் கோடை மழையை நம்பிப் போடுவது கார்போகம். ஆவணியில் போடுவது கடைபோகம். நாங்கள் கார்போகத்துக்கு நாலு கிலோ விதைக்கிழங்கு வாங்கி, முதல் படியில் ஒன்றரை அடிக்கு ஒரு வரிசையாக ஊன்றியிருந்தோம்.

செடி அழகாகத்தான் வந்தது. நாற்பத்தைந்தாம் நாள் மண் அணைத்தோம். கிழங்கின் மேல் வெளிச்சம் பட்டால் பச்சை நிறமாகிவிடும். பச்சையான கிழங்கைச் சாப்பிடக்கூடாது. அதனால் மண் அணைப்பதைத் தள்ளிப் போடவே முடியாது.

ஆடி மாதம் பத்து நாள் சேர்ந்தாற்போல் மூடுபனியும் சாரலும். ஒருநாள் காலை பார்த்தால் இலை நுனிகள் நெருப்பில் காட்டியதுபோல் கருகியிருந்தன. இதுதான் இலைக்கருகல் நோய். 1840-களில் அயர்லாந்து தேசத்தில் பெரிய பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய். ஈரமும் குளிரும் சேர்ந்தால் இரண்டே நாளில் தோட்டம் முழுக்கப் பரவிவிடும்.

பால் பாட்டி பார்த்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டு அரிவாளைக் கேட்டார். தண்டையெல்லாம் தரையோடு அறுத்து அப்புறப்படுத்தச் சொன்னார். அப்போதுதான் நோய் கிழங்குக்கு இறங்காதாம். பதினைந்து நாள் கழித்து, தோல் முற்றினபின் தோண்ட வேண்டும். சத்தம் கேட்டு வெளியே வந்த அத்தை, மறுபக்கத்திலிருந்து அறுக்க ஆரம்பித்துவிட்டார். ஒருவர் பாஷை மற்றவருக்குப் பாதிதான் புரியும். இரண்டு பேரும் குனிந்த தலை நிமிராமல் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள்.

இதற்கிடையில் ஒரு வரிசையை முள்ளம்பன்றி ராத்திரியில் வந்து தோண்டித் தின்றுவிட்டது. மிச்சத்தில் 23 கிலோ கிடைத்தது. நோய் இல்லாவிட்டால் இன்னும் பெருத்திருக்கும். ஆனாலும் நாலு கிலோவுக்கு 23 கிலோ! அத்தை ஒவ்வொரு கிழங்காகக் கையில் உருட்டிப் பார்த்துத்தான் கூடையில் போட்டார். சர்க்கரைக்காரர் என்பதால் அவருக்கு உருளைக்கிழங்கு கொஞ்சமாகத்தான் கொடுப்பேன். அதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. “திங்கிறதா பெருசு? மண்ணுக்குள்ள இருந்து எடுக்கிறதுதான் பெருசு” என்றார்.

மழையும் காட்டுமாடும்

கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் நடுவே தொட்டபெட்டா மலைத்தொடர் நிற்கிறது. அதனால் ஆனி, ஆடியில் அடிக்கும் தென்மேற்கு மழையின் வேகம் இங்கே குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்கு மழைதான் இங்கே பலம். இது தெரிந்தால்தான் எந்தப் படியில் எதைப் போடுவது என்று முடிவு செய்யலாம்.

ஐப்பசி மழையில் எங்கள் மூன்றாவது படியின் ஓரம் ஆறடி நீளத்துக்குச் சரிந்தது. அதோடு ஒரு பாத்திப் பட்டாணியும் போயிற்று. தக்காளி இந்த ஈரத்தைத் தாங்கவே இல்லை. உருளையைத் தாக்கிய அதே கருகல் தக்காளிக்கும் வரும். பன்னிரண்டு செடியில் பத்து போய்விட்டது. தாழ்வாரத்து ஓட்டுக்குக் கீழே மழை படாமல் வைத்த இரண்டு தொட்டிச் செடிகள் மட்டும் பிழைத்து, பொங்கல் வரை காய்த்தன.

புரட்டாசியில் இன்னொரு விருந்தாளி. இங்கே காட்டுமாடுகள் தேயிலைத் தோட்டத்துக்குள் பசு மேய்வதுபோல் மேயும். கறுப்பாக, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருக்கும் பெரிய உருவம். கிட்டே போகவே கூடாது. ஒருநாள் ராத்திரி வேலியைச் சாய்த்துக்கொண்டு ஒன்று உள்ளே வந்துவிட்டது. முப்பது கோஸில் பதினொன்றைத் தின்றுவிட்டுப் போயிற்று. விளக்கைப் போட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். வேறென்ன செய்வது? “அதுக்கும் வயிறு இருக்குல்ல” என்று சொல்லிவிட்டு அத்தை போய்ப் படுத்துவிட்டார்.

ஜெயித்த காய்கள்

எங்களுக்குக் கைகொடுத்தவை எல்லாம் இங்கிலீஷ் காய்கள்தான். இரண்டாவது படியில் போட்ட முள்ளங்கி முதலில் வந்தது. நாற்பத்தைந்து நாளில் பிடுங்கிவிட்டோம். பிறகு பீன்ஸ். குத்துச்செடி பீன்ஸ் ஐம்பத்தைந்தாம் நாளில் பறிக்க ஆரம்பித்து, மூன்று நாளைக்கு ஒருமுறை பறித்ததில் 14 கிலோ. முற்ற விடாமல் பறித்தால்தான் மேலும் மேலும் பூக்கும்.

கேரட் விதை மிகப் பொடி. அதைக் காய்ந்த மணலோடு கலந்து வரிசையாகத் தூவி, மேலே மெல்லியதாகக் காய்ந்த புல்லைப் பரப்பினோம். முளைக்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். பொறுமை வேண்டும். மூன்று வாரம் கழித்து, இரண்டு அங்குலத்துக்கு ஒன்று நிற்கும்படி மற்றவற்றைக் களைந்துவிட வேண்டும். நாற்றைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் கிழங்கு கோணிப்போகும். கல்லும் பச்சை எருவும் இருந்தால் இரண்டு கால் மூன்று காலாகப் பிளந்துவிடும். மூன்றரை மாதத்தில் 22 கிலோ எடுத்தோம்.

இங்கே மண் புளிப்புத் தன்மை உள்ளது. அதனால் கோஸ் நடும் முன்னால் கொஞ்சம் சுண்ணாம்புத் தூளும் விறகுச் சாம்பலும் கலந்தோம். அப்படிச் செய்தால் வேர்வீக்க நோய் குறையும். இலைக்கு அடியில் பச்சைப் புழு வரும். ஐம்பது கிராம் வேப்பங்கொட்டையை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்தோம். அதைவிட, அத்தை விடியற்காலையில் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்ப் புழுப் பொறுக்கியதுதான் பலன் கொடுத்தது. காட்டுமாட்டுக்குப் போனது போக, புழு கெடுத்தது நாலு போக, பதினைந்து நல்ல கோஸ் கிடைத்தது.

எல்லாவற்றிலும் சுலபமானது மேரக்காய். சென்னைப் பக்கம் சௌசௌ என்பார்கள். முளைவிட்ட முழுக்காயைச் சாய்வாகப் பாதி புதைத்து, வேலியில் ஏற்றிவிட்டால் போதும். மெக்ஸிகோ பக்கத்திலிருந்து வந்த கொடி. இங்கே சொந்த ஊர் மாதிரி படர்கிறது. ஆவணியில் காய்க்கத் தொடங்கியது, பொங்கலுக்கும் காய்த்தது. எண்ணவே விட்டுவிட்டோம். பால் பாட்டிக்கும் கொடுத்தோம். அவர் பதிலுக்கு மரத்தக்காளிப் பழம் கொண்டுவந்தார். முட்டை வடிவில் சிவப்பாக இருக்கும். தோல் கசக்கும். சுட்டு உரித்துத் தொக்கு செய்தால் தக்காளியே தோற்றுவிடும்.

அடுப்படிக்கு வந்த பிறகு

அத்தையைச் சாப்பிட வைத்தது காய்கூட இல்லை, இலை! முள்ளங்கி பிடுங்கிய அன்று இலையை நான் கூடையில் ஒதுக்கி வைத்திருந்தேன். “இது கீரையில்லாம என்னவாம்?” என்று அத்தை எடுத்துப்போய், பாசிப்பருப்பும் பூண்டும் போட்டுக் கடைந்தார். அந்த மலையில் முதன்முதலாக அவர் கையால் செய்த பதார்த்தம் அது. அன்றைக்குத் தட்டில் மிச்சமில்லை. பீட்ரூட் இலையும் இப்படியே கடையலாம். இலையைக் கழுவும்போது நாலைந்து தண்ணீர் மாற்றுங்கள். மலைத்தோட்டத்தில் நத்தைகள் ஏராளம்.

மேரக்காய்க் கூட்டு, பீன்ஸ் உசிலி, முள்ளங்கி சாம்பார் என்று அத்தை ஒவ்வொன்றாக நாட்டுச் சமையலுக்குள் கொண்டுவந்துவிட்டார். கோஸை மட்டும் தேங்காய் அதிகம் போட்டால்தான் தொடுவார்.

குழந்தை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஆறு மாதம் முடிந்து இணை உணவு ஆரம்பிக்கும்போது, கேரட்டை நன்றாக வேகவைத்து மசித்து, ஒரு துளி நெய்யோடு கொடுக்கலாம். கேரட்டில் இருக்கும் கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். அதேபோல் கீரை சாப்பிடும் அன்று எலுமிச்சை ரசமோ, நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் கீரையில் உள்ள இரும்புச்சத்து நன்றாகப் பிடிக்கும்.

சமவெளியில் இருப்பவர்கள் எங்களைப் பார்த்துக் கேரட் பாத்தி போட்டு ஏமாற வேண்டாம். உங்கள் வெயில் வெண்டைக்கும் கத்தரிக்கும் வரம். ஆடிப்பட்டத்தில் அவற்றைப் போடுங்கள். முள்ளங்கியும் பீட்ரூட்டும் ஆசைப்பட்டால், ஐப்பசி, கார்த்திகைக் குளிரில் தொட்டியில் முயன்று பாருங்கள்.

கோத்தகிரிக்கு வருகிறவர்களுக்கு

மே மாதம் வந்தால் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி பார்க்கலாம். காய்களிலேயே மயிலும் யானையும் செய்து வைத்திருப்பார்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். கோடநாடு காட்சிமுனை, கேத்தரின் அருவி, கன்னேரிமுக்கு பங்களா இவற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். மார்கழி, தை சமயம் பேரகணியில் படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா. ஊர் ஊராக வெள்ளை உடையில் ஜனங்கள் நடந்து வருவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். அத்தையும் போன மார்கழியில் பால் பாட்டியோடு வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போய்வந்தார். போகும்போது எங்கள் தோட்டத்துக் கேரட் ஒரு பை எடுத்துப்போனார்.

தை பிறந்ததும் அத்தை சோழவந்தானுக்குப் புறப்பட்டார். பூட்டிய வீட்டைத் திறந்து பொங்கல் வைக்க வேண்டும் என்றார். திரும்பி வருவார் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை. இவர் பஸ் ஏற்றிவிட்டு வந்து அன்று முழுக்கப் பேசவில்லை. மஞ்சப்பையை அத்தை மறக்காமல் எடுத்துப்போயிருந்தார்.

எட்டாம் நாள் ராத்திரி போன் வந்தது. கொல்லை காடாகக் கிடக்கிறது என்றார். முருங்கை மட்டும் காய்த்துத் தொங்குகிறது, கொண்டு வருகிறேன் என்றார். பிறகு குரலை உயர்த்திக் கேட்டார்:

“ஏந்தாயி, நீர்போகத்துக்கு மேல்படியைக் கொத்தி வெச்சியா, இல்ல நான் வந்துதான் கொத்தணுமா?”